எட்டு பெர்த்துகளும் ஒரு முழம் சங்கிலியும்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பேத்திக்காக இந்த நவராத்திரிக் கொலுவில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் அடுக்களையைச் செய்து வைக்கப் போகிறாய் என்று படித்ததும் மகிழ்ந்தேன். அதில் கடையில் விற்கும் சொப்புச் சாமான்களையே அடுக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். என் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கேள்விக்கு விடையும் அதிலேயே கிடைத்துவிடும்.

நாம் இருவரும் எத்தனையோ இரவுகளைக் கழித்த அந்த நீல நிற ரயில் ஸ்லீப்பர் பெட்டியின் உட்புறத்தைத்தான் நான் குட்டி மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். 1955இல் தொடங்கப்பட்ட பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, அந்தப் பழைய வகைப் பெட்டிகளைக் கட்டுவதை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. ஓடிக்கொண்டிருப்பவையும் ஒவ்வொன்றாக ஓய்வு பெறுகின்றன. பெட்டியின் நீளம் ஏறத்தாழ 21.3 மீட்டர், நான் எடுத்துக்கொண்ட 24இல் ஒரு பங்கு அளவில் அது 89 செ.மீ. ஆகிறது. அதற்கு மேசையில் இடம் இருக்கிறது, 72 பெர்த்துகளுக்குத்தான் பொறுமை இல்லை. ஆகவே, பெட்டியிலுள்ள ஒன்பது பகுதிகளில் ஒன்றை மட்டும், அதாவது குறுக்கே ஆறும் நடைவழி ஓரம் இரண்டுமாக எட்டு பெர்த்துகளை மட்டும் செய்கிறேன். அளவெடுப்பதற்காகவே ஒரு முறை பயணம் போனேன். நள்ளிரவில் தையல் டேப்பை நீட்டிச் சைடு லோயரின் நடுப்பிளவை அளந்துகொண்டிருந்த என்னை, டிக்கெட் பரிசோதகர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

முதல் சிக்கல் ரெக்சினில் வந்தது. பெர்த்தின் மெத்தைக்கு 3 மி.மீ. சன்போர்டு என்கிற நுரைப் பலகை சரியாகப் பொருந்தியது. அதன்மேல் போர்த்த, நிஜப் பெட்டியில் இருப்பதைப் போன்ற நீல ரெக்சினையே கடையில் தேடி வாங்கி ஒட்டினேன். பார்ப்பதற்கு யானைத் தோலைப் போர்த்தியது போல இருந்தது. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மி.மீ. தடிமனுள்ள ரெக்சினை 24ஆல் பெருக்கினால் 24 மி.மீ., ஏறக்குறைய ஓர் அங்குலம். ஓர் அங்குலத் தடிமனுள்ள ரெக்சினில் யார் படுப்பார்கள்? நீளத்தையும் அகலத்தையும் சுருக்க நமக்கு அளவுகோல் போதும். தடிமனும் மேற்பரப்பும் தாமாகச் சுருங்குவதில்லை. எனவே அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, டிஷ்யூ காகிதத்தின் ஒற்றை அடுக்கைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டி, ஈரம் காய்வதற்குள் ஊசியின் காதால் தையல் கோடுகளை அழுத்தி, மேலே நீல வண்ணம் பூசினேன். வண்ணத்தையும் நிஜத்தைவிடச் சற்று வெளிறியதாகவே கலக்க வேண்டியிருந்தது. அசல் நீலம் அந்தச் சிறிய பரப்பில் மை கொட்டியது போலக் கறுத்துத் தெரிகிறது.

ஜன்னல் கம்பிகளுக்குப் பழைய வீணைத் தந்தி அளவாக அமைந்தது. கண்ணாடிக்காக வெட்டிய ஓ.எச்.பி. என்கிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைத்தான் கெடுத்துக்கொண்டேன். அவசரத்தில் சூப்பர் க்ளூவால் ஒட்டிவிட்டு உறங்கப் போனேன். காலையில் பார்த்தால் அந்தப் பசையின் ஆவி படிந்து, ஜன்னல் முழுவதும் பனி பிடித்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. மார்கழி விடியற்காலைப் பயணம் என்று சொல்லிச் சமாளித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு சட்டத்தோடு கழற்றிப் புதிதாகச் செய்தேன்.

நான் மிகவும் ரசித்துச் செய்தது மின்விசிறி. நிஜ விசிறி 400 மி.மீ. என்றால் எனக்கு 17 மி.மீ., நம் பழைய அலுமினியப் பத்து பைசா நாணயத்தைவிடவும் சிறியது. கூண்டின் வளையங்களுக்குப் பழைய டியூப்லைட் சோக்கிலிருந்து உரித்த செப்புக் கம்பியை வெவ்வேறு பேனா மூடிகளில் சுற்றி எடுத்தேன். பலகையில் ஒட்டிய வரைபடத்தின்மேல் வளையங்களை வைத்து, ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். கம்பியின் மேலுள்ள எனாமல் பூச்சைச் சுரண்டாவிட்டால் ஈயம் ஒட்டாது என்பதை மூன்று விசிறிகளை வீணாக்கிய பிறகே கற்றேன். சுற்றாமல் நின்றுவிட்ட விசிறியைச் சீப்பை நுழைத்து நாம் சுழற்றிவிடுவோமே, அந்தச் சீப்பையும் ஒரு கூண்டில் செருகி வைத்திருக்கிறேன். அதைக் கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு காபி.

சிகாகோ கலைக் கழக அருங்காட்சியகத்தில் இருக்கும், திருமதி தோர்ன் என்பவர் கைவினைஞர்களைக் கொண்டு 1932 முதல் 1940 வரை செய்வித்த 68 குட்டி அறைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஓர் அடிக்கு ஓர் அங்குலக் கணக்கு. அவற்றில் என்னைக் கவர்ந்தவை நாற்காலிகளல்ல, பாதி திறந்த கதவுகள். கதவுக்கு அப்பால் இன்னோர் அறையின் மூலையும் எங்கிருந்தோ விழுகிற வெளிச்சமும் தெரியும். முழுவதையும் எட்டிப் பார்க்க வழியில்லை. அதைப் பார்த்துத்தான், அடுத்த பகுதியின் விளிம்பையும் தொங்கும் ஒரு போர்வையையும் மட்டும் செய்து, ஒரு நீல எல்.இ.டி.யை மறைத்து வைத்தேன். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டால் விழுப்புரம் தாண்டிய நேரம் போல இருக்கிறது.

இனி உன் அடுக்களை. கொலுவுக்கு அளவு விகிதம் கிடையாது. செட்டியார் பொம்மையைவிடச் சிறிய யானை பக்கத்திலேயே நிற்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நீ செய்வது ஓர் அறை என்றால், ஒரே விகிதத்தைப் பிடித்துக்கொள். உனக்கு அடிக்கு ஓர் அங்குலமே வசதி. சொப்புக் குடத்தின் விளிம்பு 2 மி.மீ. இருந்தால், நிஜத்தில் அது ஓர் அங்குல விளிம்புள்ள குடம். அதை யாராலும் இடுப்பில் தூக்க முடியாது. கையில் எடுக்கும் எதையும் முதலில் பன்னிரண்டால் பெருக்கிப் பார். அம்மிக்கு நிஜக் கல்லைத் தேடாதே, கருங்கல்லின் மணிகள் அந்த அளவில் பெரிதாகத் தெரியும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து, சாம்பல் நிறம் பூசி, ஈரத்திலேயே கல் கோலப்பொடியைத் தூவு. அடுப்புக்கு மேலே சுவரில் கரித்தூளை உலர்ந்த தூரிகையால் தேய். சுத்தமான அடுக்களையைப் பேத்தி நம்ப மாட்டாள்.

ஓர் உதவி வேண்டும். மிடில் பெர்த்தைத் தாங்குகிற சங்கிலி மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. நீ இருப்பதோ கவரிங்குக்குப் பேர்போன சிதம்பரம். கடைகளில் இருப்பதிலேயே மெல்லிய சங்கிலியாக ஒரு முழம் வாங்கி அஞ்சலில் அனுப்பு. ஓர் அங்குலத்தில் இருபத்தைந்து கண்ணிகளுக்குக் குறையக் கூடாது. கடைக்காரர் முறைத்தாலும் எண்ணிப் பார்த்தே வாங்கு. பொன் நிறமாக இருந்தாலும் பரவாயில்லை, நான் வெள்ளி வண்ணம் பூசிக்கொள்வேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெர்த் தோழன்