கண்டக்டர் கூப்பிடும் பேரை எழுது

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் வந்தது. மதுரையில் பத்துப் பேர் சேர்ந்து டவுன் பஸ் ஸ்டாப்பிங் எல்லாவற்றையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடத்தில் ஏற்றப் போகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. எந்த ஆப், எந்த டேக் (பெயர், வகை போன்ற விவரத்தை எழுதும் கட்டம்) என்று கேட்டிருக்கிறாய். அதைக் கற்க அரை மணி நேரம் போதும். உங்களைப் பாடாய்ப் படுத்தப் போவது பெயர்கள்தான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்னையில் 1973இல் திறந்த மேம்பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். கண்டக்டர் இன்றைக்கும் "ஜெமினி இறங்கு" என்றுதான் கத்துகிறார். அங்கே இருந்த ஜெமினி ஸ்டுடியோவை நேரில் பார்த்திராத பிள்ளைகளும் ஜெமினியில்தான் இறங்குகிறார்கள். தேனாம்பேட்டைப் பக்கம் எஸ்.ஐ.ஈ.டி. என்றொரு ஸ்டாப்பிங், அங்குள்ள கல்லூரியின் பழைய பெயர் அது. கல்லூரியின் பெயர் நீதிபதி பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரி என்று மாறி வெகுகாலம் ஆகியும் பஸ்ஸுக்குள் அது மாறவே இல்லை. பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் எஸ்.ஆர்.பி. டூல்ஸ், அண்ணா சாலையில் டி.வி.எஸ். என்று கம்பெனிகளே ஊர்ப்பெயர் ஆகிவிட்டன. பஸ் போர்டில் பிராட்வே, அரசுக் காகிதத்தில் பாரிமுனை, ஏறுகிறவர் வாயில் பாரிஸ். சிரிப்பாக இருக்கும், ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் போனில் தேடும்போது இதில் எதைத் தட்டுவார் என்று யோசித்துப் பார். நாலு பேரிடம் கேட்டு வழி தெரிந்துகொண்டு வருகிறவர், அந்த நாலு பேர் சொன்னதைத்தான் தட்டுவார்.

அதனால் 'நேம்' டேக்கில் கண்டக்டர் கூப்பிடும் பேரை எழுது. அரசுப் பெயர் 'அஃபிஷியல் நேம்' டேக்குக்குப் போகட்டும். வழக்கில் உள்ள மற்றப் பெயர்கள் 'ஆல்ட் நேம்' டேக்கில், ஒன்றுக்கு மேல் இருந்தால் அரைப்புள்ளி போட்டு. வழக்கொழிந்தது மட்டும் 'ஓல்ட் நேம்'. உங்கள் ஊரில் மாட்டுத்தாவணியை எடுத்துக்கொள். எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் என்பது அரசுப் பெயர், 'நேம்' மாட்டுத்தாவணியேதான். தமிழ்ப் பெயருக்கும் ஆங்கிலப் பெயருக்கும் தனித்தனி மொழி டேக் உண்டு, இரண்டையும் நிரப்பு. ஆங்கில எழுத்துக்கூட்டலில் சொந்தச் சீர்திருத்தம் வேண்டாம். 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி வந்த அரசாணை சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. போர்டில் இருப்பதை அப்படியே எழுதிவிடுங்கள்.

அடுத்தது தமிழ்த் தட்டச்சில் ஒளிந்திருக்கும் வம்பு. 'கோயம்பேடு' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஏற்றுமுன் பைத்தான் நிரல்மொழியில் 'யூனிகோட்டேட்டா' தொகுப்பின் 'நார்மலைஸ்' வழியாக எல்லாப் பெயரையும் என்.எஃப்.சி. என்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது தீர்ந்துவிடும். ஆனால் 'சௌகார்பேட்டை' அதற்கு மசியாது. பலர் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகர எழுத்தையே தட்டிவிடுகிறார்கள். யூனிகோடைப் பொறுத்தவரை அது முறையான வேறொரு சொல், நார்மலைஸ் செய்தாலும் மாறாது. காலுக்குப் பதில் ரகரம் விழுவதும் இதே கதைதான். இவற்றுக்கு ஒரே மருந்து, ஒருவர் உட்கார்ந்து பட்டியலைக் கண்ணால் பார்ப்பது. தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரை அந்த வேலைக்கென்றே வைத்துக்கொள்.

இனி தெருவுக்கு வருவோம். ஒரு ஸ்டாப்பிங் என்றால் இரண்டு புள்ளி, போகிற பக்கம் ஒன்று, வருகிற பக்கம் ஒன்று. சாலைக்கு நடுவே ஒரே புள்ளி வைத்தால், வழிகாட்டும் ஆப் ஆளை எதிர்ப்பக்கம் நிறுத்திவிடும். அவர் கண் முன்னாலேயே பஸ் போய்விடும். ஒருவழிச் சாலை வரும் இடத்தில் இரண்டு புள்ளிக்கும் இடையே ஒரு தெருவே இருக்கலாம், சில ஸ்டாப்பிங் ஒரு திசையில் மட்டுமே இருக்கும். இல்லாததை இட்டு நிரப்பாதீர்கள்.

நிழற்குடை ஓரிடத்தில், பஸ் நிற்பது முப்பது மீட்டர் தள்ளி என்பது எல்லா ஊரிலும் உண்டு. ஷேர் ஆட்டோ வரிசை, சாலைப் பள்ளம், போக்குவரத்துப் போலீஸ் தள்ளி நிற்கச் சொன்னது என்று காரணம் பல. ஜனம் எங்கே நிற்கிறதோ அங்கே ஸ்டாப்பிங் புள்ளி, நிழற்குடை தனிப் பொருள் என்பது என் கட்சி. குறைந்தது மூன்று பஸ் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகே புள்ளியை வையுங்கள்.

போன் ஜி.பி.எஸ். திறந்தவெளியில் ஐந்து மீட்டருக்குள் சொல்லும். உயரமான கட்டடம், மேம்பாலம், அடர்ந்த மரம் பக்கத்தில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் இருபது மீட்டர்கூட விலகும், அதாவது சாலையின் அந்தப் பக்கமே போய்விடும். ஒரு நிமிஷம் அசையாமல் நின்று, பிறகு குறியுங்கள். வீட்டுக்கு வந்து செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். அந்தப் படமும் சில மீட்டர் நகர்ந்திருக்கலாம் என்பதால் நீங்கள் நடந்த தடத்தோடு முதலில் பொருத்திக்கொள்ளவும். கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயரோ இடமோ எடுக்கவே கூடாது, உரிமம் இடம் தராது. புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே இதை அழுத்திச் சொல்லிவிடு.

ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் வெயில் ஏறுமுன் முடிக்கலாம். பத்துப் பேரை ஐந்து ஜோடியாகப் பிரி. ஒருவர் கையில் போன், இன்னொருவர் கையில் நோட்டு. நோட்டுக்காரர்தான் போர்டு, பெஞ்சு, நிழற்குடை, நிற்கும் தட எண்கள் எல்லாம் எழுதுவார், சாலையில் வண்டி வருகிறதா என்றும் பார்ப்பார். ஒரு ஜோடிக்கு நாலு கிலோமீட்டர் தாராளம். பெரியாரிலிருந்து காளவாசல் ஒரு ஜோடி, கோரிப்பாளையத்திலிருந்து மாட்டுத்தாவணி ஒரு ஜோடி என்று எல்லையைப் பிரித்துக் கொடுத்துவிடு. இல்லாவிட்டால் ஒரே ஸ்டாப்பிங் மூன்று முறை ஏறும். ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட், எவ்ரிடோர் என்ற ஆப் இரண்டும் புதியவருக்கு எளிது, பஸ் தடங்களைக் கம்ப்யூட்டரில் ஜோசம் என்ற மென்பொருளில் வரையலாம். முடிந்ததும் டீக்கடையிலேயே உட்கார்ந்து ஏற்றிவிடுங்கள். மறுநாள் நோட்டைப் பார்த்தால் 'பெட்டிக்கடை எதிரில்' என்று எழுதியது எந்தப் பெட்டிக்கடை என்று எழுதியவருக்கே தெரியாது.

தடம் வரையும்போது போக ஒரு ரிலேஷன் (சாலைத் துண்டுகளையும் ஸ்டாப்பிங்குகளையும் வரிசையாகக் கோத்த தொகுப்பு), வர ஒரு ரிலேஷன், இரண்டையும் சேர்க்க ஒரு ரூட் மாஸ்டர். கட் சர்வீஸுக்குத் தனி ரிலேஷன் போடு. பாதி வழியில் திரும்பும் பஸ்ஸை முழுத் தடத்தோடு கலந்தால் கடைசி ஸ்டாப்பிங்கில் ஒருவர் வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பார்.

கால அட்டவணையை ஜி.டி.எஃப்.எஸ். என்ற, வழிகாட்டும் ஆப்கள் படிக்கும் கோப்பு வடிவத்துக்கு மாற்றுவது பிறகு. இரண்டு விஷயம் மட்டும் இப்போதே. இரவு 11.40க்குக் கிளம்பி 12.25க்குச் சேரும் கடைசி பஸ்ஸின் சேரும் நேரத்தை 24:25:00 என்று எழுத வேண்டும். 00:25:00 என்று எழுதினால் கிளம்புவதற்கு முன்பே சேர்ந்துவிட்டதாகிவிடும், சோதிக்கும் மென்பொருள் திருப்பி அனுப்பும். நேரம் குறிக்காமல் 'கால் மணிக்கு ஒன்று' என்று ஓடும் தடத்துக்குப் பொய்யாக நேரம் போடாதே. 'ஃப்ரீக்வன்சீஸ்' கோப்பில் இடைவெளி 900 விநாடி என்று எழுதினால் போதும்.

இங்கே சென்னையில் 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தெற்கே பல தடங்கள் நீண்டுவிட்டன. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகவும் ஸ்டாப்பிங்குகளை ஆங்காங்கே நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சரிபார்த்த தேதியையும் ஒரு டேக்காகச் சேர்க்கிறோம். உங்கள் ஊரிலும் பாலம் கட்டும் இடங்களில் அதையே செய்யுங்கள்.

முதல் ஞாயிறு முடிந்ததும் பெயர்ப் பட்டியலை மட்டும் அனுப்பு. கொம்பும் காலும் நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
மணி