கோடம்பாக்கம் ஸ்டேஷனில் காத்திருந்த அக்காவுக்கு

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கோடம்பாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு புத்தகத்தை மறந்துவிட்டு ரயிலேறிய ஆள் நான்தான். எழும்பூர் வந்த பிறகுதான் உறைத்தது. அலறியடித்துத் திரும்பி வந்தால், தூறலில் நனையாமல் பாலிதீன் கவருக்குள் அதைப் போட்டு, பூக்கூடைக்குப் பக்கத்தில் மடியில் வைத்தபடி நீங்கள்.

அது ‘மோட்சப் பிரயாணம்’. 1678இல் வெளிவந்த ஜான் பனியனின் கதை, தமிழில். அட்டை எப்போதோ போய்விட்டது. குடும்ப ஜெபம் முடிந்ததும் பாட்டி வாசித்துக் காட்டுவார். சிலுவையருகே வந்ததும் கதாநாயகன் கிறிஸ்தியானின் முதுகிலிருந்த பாவ மூட்டை கழன்று, உருண்டு, கல்லறைக்குள் விழும். அந்தப் பக்க ஓரத்தில் எட்டு வயதில் நான் சிவப்பு கிரேயானில் கிறுக்கிய மூட்டை இன்னும் இருக்கிறது. “அவன் அவுக்கலடா, அதுவா விழுந்துச்சு” என்பார் பாட்டி. கிருபையைப் பற்றி அப்புறம் எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. எனக்குப் புரிந்தது அந்தக் கிறுக்கலில்தான்.

“பழசா இருக்கே, யாராச்சும் தேடி வருவாங்கன்னு உக்காந்துட்டேன்” என்றீர்கள். எத்தனை வண்டியை விட்டீர்களோ! நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அடுத்ததில் ஏறிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. நன்றி அக்கா. ஒரு முழம் பூ வாங்கக்கூடத் தோன்றவில்லை, பாருங்கள்.