கியர்பொக்ஸ் ஒயில் லீக்: விலை சொல்ல முன்னர் ஏன் கழுவச் சொல்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் எங்களிடம் அடிக்கடி சொல்லும் மனக்குறை ஒன்று உண்டு. "கியர்பொக்ஸில் ஒயில் ஒழுகுது, எவ்வளவு முடியும்?" என்று கேட்டால், மற்ற இடங்களில் குனிந்து பார்த்தவுடனேயே ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்களாம். நாங்கள் மட்டும் அடிப்பக்கத்தைக் கழுவி, ஒரு நாள் ஓட்டிவிட்டுக் கொண்டுவரச் சொல்கிறோமாம். உண்மைதான், அப்படித்தான் சொல்கிறோம். அதற்கான காரணத்தை இந்த மடலில் விளக்குகிறோம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கியும், புதிய டபிள் கேப் ஒன்றின் விலை யாருடைய கைக்கும் எட்டுவதாக இல்லை. அதனால் தொண்ணூறுகளில் வந்த ஹைலக்ஸும் எல்200உம் நிசானும் இன்றும் பேலியகொடையில் மரக்கறி ஏற்றுகின்றன, பழைய சோனகத் தெருவில் பைப்பும் கம்பியும் ஏற்றுகின்றன. இந்த வயதில் ஒரு சீல் (ஷாப்டைச் சுற்றி ஒயிலைத் தடுத்து நிற்கும் வளையம்) கசிவது புதினமில்லை. ஆனால் மனுவல் கியர்பொக்ஸுக்கு எச்சரிக்கை லைட் கிடையாது, எஞ்சினில் இருப்பதுபோல இழுத்துப் பார்க்கக் கம்பியும் பெரும்பாலும் இல்லை. உள்ளே இருப்பதே மொத்தம் 2 முதல் 4 லீற்றர்தான். அது பாதியாகக் குறைந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியவராது.

முதலில் பார்க்கவேண்டியது, ஒழுகுவது என்ன என்பதை. ராத்திரி நிறுத்தும் இடத்தில் ஒரு வெள்ளை மட்டையைப் போட்டு வையுங்கள். கியர் ஒயில் தடிப்பானது, தேன் நிறத்திலிருந்து மண்ணிறம் வரை இருக்கும், கந்தக வாடை அடிக்கும். அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தவர் மறக்கமாட்டார். டீசல் எஞ்சின் ஒயில் கரிக்கறுப்பு. தண்ணீர் மாதிரி மெல்லியதாக இருந்து, பெயின்ட்டில் பட்டால் பெயின்ட்டையே கிளப்பினால் அது கிளச் ஒயில், குற்றவாளி கிளச்சைத் தள்ளும் சின்ன ஸ்லேவ் சிலிண்டர். சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டியரிங்கையும் பாருங்கள். ஆனால் சில மனுவல் கியர்பொக்ஸ்களுக்கே கம்பனி ஏடிஎஃப் எனும் சிவப்பு ஓட்டோ கியர் ஒயிலைத்தான் போடச் சொல்லியிருக்கும், ஆகவே நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்தது, எங்கிருந்து ஒழுகுகிறது என்பது. கழுவச் சொல்வது இதற்காகத்தான். ஓடும்போது காற்று ஒயிலைப் பின்பக்கமாக அடித்துக்கொண்டு போகும், பிறகு அது கீழே வழிந்து எங்கேயோ ஒரு மூலையில் சொட்டும். சொட்டும் இடத்துக்கும் லீக்குக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. எஞ்சினின் மேல்மூடியான டெப்பட் கவரில் கசிந்த ஒயில் பின்பக்கமாக இறங்கி, எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் உள்ள பெல் ஹவுசிங்கை நனைத்து, பார்ப்பவரை "கியர்பொக்ஸை இறக்கவேண்டும்" என்று சொல்லவைக்கும். கழுவிக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் கொஞ்சம் முகப்பவுடரைத் தூவி ஓட்டிப் பார்த்தால், ஆக மேலேயும் ஆக முன்னேயும் ஈரமான இடம் எதுவோ, அங்கேதான் லீக். இந்தச் சின்ன வேலை ஒரு முழு நாள் கூலியை உங்களுக்கு மிச்சமாக்கக் கூடும்.

ஏனென்றால் இடத்துக்கு இடம் செலவு அவ்வளவு வித்தியாசப்படும். ட்ரெயின் நட்டின் வோஷர், ரிவர்ஸ் லைட் சுவிட்ச், மீட்டர் கேபிள் இறங்கும் இடத்தில் இருக்கும் ஓ-ரிங் எல்லாம் சில்லறை வேலைகள். பின்பக்க சீல் என்றால் ப்ரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றினால் போதும். (கழற்ற முன்னர் மெக்கானிக் பிளேஞ்சில் அடையாளம் போடுகிறாரா என்று பாருங்கள், மாறிப் பூட்டினால் அதிர்வு வரும்.) முன்பக்க இன்புட் ஷாப்ட் சீல் போயிருந்தால் கியர்பொக்ஸ் இறங்கியே ஆகவேண்டும், வேறு வழியில்லை. அந்த ஒயில் கிளச் பிளேட்டில் பட்டு கிளச்சும் வழுக்கத் தொடங்கியிருக்கும். ஆனால் பெல் ஹவுசிங்கிலிருந்து ஒழுகும் எல்லாமே கியர் ஒயில் அல்ல, எஞ்சினின் பின் சீலும் அங்கேதான் ஒழுகும். எதுவாக இருந்தாலும் ஒரு தடவை கியர்பொக்ஸ் இறங்கினால், எஞ்சின் பின் சீல், கிளச்சை மிதிக்கும்போது வேலை செய்யும் ரிலீஸ் பெயாரிங், கிளச் பிளேட் மூன்றையும் பார்த்துவிடச் சொல்வோம். வியாபாரத்துக்காகச் சொல்கிறோம் என்று நினைக்கவேண்டாம். அதே இறக்கும் கூலியை அடுத்த வருடமும் கொடுக்கப்போவது நீங்கள்தான்.

புதுச் சீல் போட்டும் கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகினால் சீலைத் திட்டுவதில் பயனில்லை. பின் சீல் உட்காரும் இடத்தில் உள்ள புஷ் தேய்ந்து ஷாப்ட் ஆடுகிறதா, சீல் உரசும் யோக்கில் (ப்ரொப்பெல்லர் ஷாப்டின் முன் முனை) கோடு விழுந்திருக்கிறதா, யூனிவர்சல் ஜொயின்ட் ஆடுகிறதா என்று பார்க்கவேண்டும். அப்புறம் பிரீதர். கியர்பொக்ஸ் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று வெளியே போகும் சின்ன வாய் அது. சேறு அடைத்துவிட்டால் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஒயில் வெளியே வரும். சீலை மாற்ற முன்னர் அதைத் துப்புரவாக்கிப் பார்ப்பதே எங்கள் வழக்கம்.

அதே பிரீதர் வழியாகத்தான் வெள்ளத் தண்ணீரும் உள்ளே போகிறது. சூடான கியர்பொக்ஸ் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிர்ந்தால் வெளியே உள்ளதை உள்ளே இழுக்கும். 2016 மே மாத வெள்ளத்தை கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்து ஆட்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. கியர்பொக்ஸ் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்ற வாகனத்தை, ஓடுகிறதே என்று ஓட்டாதீர்கள். நட்டைத் திறந்து பாருங்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றவேண்டும், இல்லாவிட்டால் பெயாரிங்குகள் கறள் பிடிக்கும்.

லெவல் பார்ப்பது கஷ்டமில்லை. வாகனம் சமதரையில், ஆறிய நிலையில் நிற்கவேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜக்கில் தூக்கிவிட்டுப் பார்த்தால் கணக்குப் பிழைக்கும். பக்கவாட்டில் இருக்கும் ஒயில் ஊற்றும் நட்டைக் கழற்றினால், ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஒயில் நிற்கவேண்டும். முழுவதும் மாற்றுவதென்றால் ஊற்றும் நட்டை முதலில் கழற்றுங்கள். கீழ் நட்டைத் திறந்து எல்லாவற்றையும் வடித்தபிறகு மேல் நட் இறுகிப்போய்க் கிடந்தால் வாகனம் அங்கேயே நிற்கவேண்டியதுதான். வடிந்த ஒயிலைக் கானில் ஊற்றவேண்டாம், போத்தலில் கொண்டுவாருங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

எந்த ஒயில் என்பதை வாகனத்தின் கைநூலைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். பழைய ஜப்பான் பிக்கப்புகளில் பெரும்பாலும் 75டபிள்யூ-90 தடிப்பு, ஜிஎல்-4 தரம். டிபரென்ஷலுக்கு வாங்கிய ஜிஎல்-5 மிச்சம் இருக்கிறதென்று அதையே கியர்பொக்ஸிலும் ஊற்றுபவர்கள் உண்டு. கைநூல் அனுமதித்தால் சரி. அனுமதிக்காத கியர்பொக்ஸில், அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானங்கள் கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கலாம், கியர் விழுவதும் கரகரக்கும். லீக்கை நிறுத்த ஒயிலோடு கிறீஸ் கலப்பது, வெளியே சிலிக்கனை அப்பிவிடுவது இரண்டும் வேண்டாம். லீக் எப்படியும் திரும்ப வரும், அப்போது அந்தச் சிலிக்கனைச் சுரண்டி எடுப்பதே தனி வேலை.

ஒயில் குறைந்த கியர்பொக்ஸ் முதலில் சத்தத்தில்தான் சொல்லும். சுமையோடு கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது இருக்கிற ஒயிலும் பின்பக்கம் போய்விடும், முன் பெயாரிங் காயும். நியூட்ரலில் வரும் இரைச்சல் கிளச்சை மிதித்ததும் நின்றால் அந்தப் பெயாரிங்கைச் சந்தேகியுங்கள். மிதிக்கும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பெயாரிங். இரைச்சல் வந்தபிறகு சீல் மாற்றுவதால் மட்டும் பயனில்லை, பஞ்சிகாவத்தையில் பெயாரிங்கும் கியரும் தேடவேண்டிவரும்.

வெறும் ஈரக்கசிவாக இருந்து, சொட்டாமல் இருந்தால், சீல் மாற்றச் சொல்லி நாங்கள் அவசரப்படுத்த மாட்டோம். மாதம் ஒரு தடவை லெவல் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். கிளச் வழுக்கினாலோ, ஒவ்வொரு தடவையும் ஒயில் குறைந்திருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். 4 வீல் ட்ரைவ் வைத்திருப்பவர்கள், முன் சில்லுகளுக்கும் இழுவையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் கேஸின் லெவலையும் சேர்த்துப் பாருங்கள். சிலவற்றில் இடையில் உள்ள சீல் போய், கியர்பொக்ஸ் ஒயில் அதற்குள் இறங்கிவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

கழுவிக் கொண்டுவரும் வாகனத்தைப் பார்த்துச் சொல்ல நாங்கள் காசு எடுப்பதில்லை. சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவும்போது பிரீதர் பக்கம் நேரடியாகத் தண்ணீர் அடிக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். கியர்பொக்ஸ் இறக்கும் வேலைக்கு திங்கள் அல்லது செவ்வாய் காலையில் வாருங்கள். சனிக்கிழமை வந்தால் சீல் எடுக்கக் கடைகள் பூட்டிவிடும், வாகனம் ஞாயிறும் எங்களிடமே நிற்கும்.

இப்படிக்கு,
உங்கள் கராஜ் ஆட்கள்
கிராண்ட்பாஸ், கொழும்பு 14