உருண்டை அந்த வழியில் நுழையாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாக்டீரியா தன் புரதங்களைச் சவ்வுக்கும் அதற்கு அப்பாலும் எப்படி அனுப்புகிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு பொருளுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். எழுதியவரும் விஷயம் தெரிந்தவர். என் குறையெல்லாம் கூடவே போட்டிருந்த படத்தின் மேல்தான். செல்லின் நடுவே ஒரு ரைபோசோம், அதாவது அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் தயாரிக்கும் இயந்திரம். அதிலிருந்து உருண்டை உருண்டையாகப் புரதங்கள் விழுகின்றன. அவை மிதந்துபோய் சவ்வில் உள்ள ஓர் அகலக் குழாய் வழியாக வெளியேறுகின்றன. கட்டுரையில் சரியாகச் சொன்னதைக்கூட இந்தப் படம் கெடுத்துவிட்டது. படித்தது மறந்துபோகும், படம் மறக்காது.

முதலில் அந்தக் குழாயை எடுத்துக்கொள்வோம். சவ்வின் இரு பக்கமும் உள்ள புரோட்டான் அளவு வித்தியாசத்தை வைத்துத்தான் சுவாசிக்கும் பாக்டீரியா தன் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யில் பெரும்பங்கைத் தயாரிக்கிறது. எப்போதும் திறந்தே கிடக்கும் குழாய்கள் சில நூறு இருந்தால் அந்த வித்தியாசம் நிற்குமா? உண்மையில் அங்கே இருப்பது செக்-ஒய், செக்-இ, செக்-ஜி என்ற மூன்று புரதங்கள் சேர்ந்த ஒரு சேனல். வழி அமைந்திருப்பது செக்-ஒய்யின் நடுவில். அது சவ்வைப் பத்து முறை குறுக்கே கடக்கும் புரதம்; ஐந்து சுருள்கள் ஒரு பாதி, ஐந்து சுருள்கள் மறு பாதி. 2004இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் டாம் ராப்பபோர்ட்டின் குழு, கடும் வெப்பத்தில் வாழும் ஓர் ஆர்க்கியாவின் (பாக்டீரியா அல்லாத தனி வகை நுண்ணுயிர்) சேனலைப் படிகமாக்கி அதன் அமைப்பை வெளியிட்டது. பாக்டீரியாவின் சேனலும் அதே குடும்பம்தான். வழி உள்ளேயும் வெளியேயும் அகன்று, நடுவில் ஒடுங்குகிறது. ஒடுங்கிய இடத்தில் நீரோடு ஒட்டாத அமினோ அமிலங்கள் வளையமாக நிற்கின்றன. வேலை இல்லாத நேரத்தில், அந்த வளையத்துக்கு வெளிப்பக்கமாக ஒரு குட்டிச் சுருள் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொள்கிறது. ஆக, இதற்குள் போக வேண்டிய புரதம் மடியாமல் இருக்க வேண்டும். ஊசிக் காதில் நூல் நுழையும், நூல்கண்டு நுழையாது.

இப்போது ரைபோசோம். அதைச் சவ்வுக்குத் தொலைவில் வரைந்திருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் கதையின் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ரைபோசோம் நொடிக்குப் பத்து முதல் இருபது அமினோ அமிலங்களைக் கோக்கும். முந்நூறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம் முடிய ஏறக்குறைய இருபது நொடி என்று வையுங்கள். கோத்த சங்கிலி உடனே வெளியே தெரிந்துவிடாது. ரைபோசோமின் பெரிய துணை அலகுக்குள் சுமார் 10 நானோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் இருக்கிறது; முப்பது நாற்பது அமினோ அமிலங்கள் அதற்குள்ளேயே அடங்கிவிடும். எனவே சங்கிலி தலை காட்டவே இரண்டு மூன்று நொடி ஆகும். அதன் முன்பகுதியில் நீரை வெறுக்கும் ஒரு துண்டு (சிக்னல் துண்டு) இருந்தால், சுரங்க வாயிலில் அதற்காகவே காத்திருக்கும் சிக்னல் அறியும் துகள் அதைப் பிடித்துக்கொள்கிறது. பாக்டீரியாவில் இந்தத் துகள் மிக எளிமையானது: எஃப்.எஃப்.ஹெச். என்ற ஒரு புரதம், 4.5எஸ் என்ற ஒரு சிறிய ஆர்.என்.ஏ., அவ்வளவுதான். பாலூட்டிகளின் துகளில் ஆறு புரதங்கள் உண்டு. சங்கிலி கோப்பதைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தும் வசதியும் உண்டு. ஈ.கோலையின் துகளில் அந்தப் பகுதியே கிடையாது. புரதம் வளர்ந்துகொண்டே இருக்க, ஓடிக்கொண்டிருக்கும் ரைபோசோமை அப்படியே சவ்வுக்குக் கொண்டுபோயாக வேண்டும். சவ்வில் எஃப்.டி.எஸ்.ஒய். என்ற ஏற்பி துகளைச் சந்திக்கிறது. இரண்டும் ஏ.டி.பி. போன்ற ஜி.டி.பி. என்ற மூலக்கூறைப் பிடித்திருப்பவை, ஒன்று மற்றதன் ஜி.டி.பி.யை உடைக்கத் தூண்ட, இரண்டும் விலகிக்கொள்கின்றன. ரைபோசோம் சேனலிடம் ஒப்படைக்கப்படுகிறது. இவ்வளவும் நடக்கும்போது புரதத்தில் பாதிகூட முடிந்திருக்காது.

ஒப்படைத்த பிறகு நடப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். செக்-ஒய்யின் உள்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வளைவுகள் ரைபோசோமின் சுரங்க வாயில் போய்ப் பொருந்துகின்றன. அங்கே எல்-23 என்ற ரைபோசோம் புரதம் அவற்றைத் தொடுகிறது. சற்று முன் சிக்னல் துகள் உட்கார்ந்திருந்ததும் இதே இடம்தான். ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும். சுரங்கமும் சேனலும் ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டால், இழையைத் தள்ள வேறு மோட்டார் பெரும்பாலும் வேண்டாம். ரைபோசோம் ஒரு அமினோ அமிலத்தைச் சேர்க்கும்போதெல்லாம் இழை அவ்வளவு தூரம் முன்னே நகர்கிறது. சவ்வுக்கு அந்தப் பக்கம் நீளமான பகுதி தொங்க வேண்டிய புரதமாக இருந்தால் மட்டும் செக்-ஏ என்ற மோட்டார் புரதமும் கைகொடுக்க வேண்டியிருக்கும்.

சரி, இப்படி ஒட்டிக்கொள்வதால் ரைபோசோமே சேனலின் வாயைக் கசிவில்லாமல் மூடிவிடுகிறதா? 1990களில் அப்படித்தான் பலர் நினைத்தார்கள். உயர்நிலைச் செல்களின் சேனலை ஒளிரும் மூலக்கூறுகள் கொண்டு அளந்தவர்கள், அதன் வழி 4 முதல் 6 நானோமீட்டர் அகலம் என்று சொன்னார்கள். அவ்வளவு பெரிய துளையானால் அதை மூட ரைபோசோம் அளவுக்கு ஏதாவது வேண்டும்தானே. ஆனால் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் வந்தபோது ரைபோசோமுக்கும் சவ்வுக்கும் இடையே இடைவெளி தெரிந்தது. அப்புறம் 2004இன் படிக அமைப்பும் வந்தபின், நடு வளையமே இழையைச் சுற்றி நெருக்கமாகப் பிடித்துக் கசிவைத் தடுக்கிறது என்ற விளக்கம் வலுப்பெற்றது. உங்கள் ஓவியர் வரைந்த அகலக் குழாய்க்கு இந்தப் பழைய அளவுதான் மூலமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கட்டுரையில் குந்தர் புளோபெலுக்கு 1999இல் நோபல் கிடைத்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். புரதத்துக்குள்ளேயே அது போய்ச்சேர வேண்டிய முகவரி இருக்கிறது என்ற கருத்தை அவரும் டேவிட் சபாடினியும் 1971இலேயே முன்வைத்தார்கள். அப்படிப் போக ஒரு சேனல் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் நீண்ட காலம் ஆயிற்று. 1992இல் சான்ஃபோர்டு சைமனும் புளோபெலும் செய்த சோதனை அழகானது. ஈ.கோலையின் உட்சவ்வை ஒரு செயற்கைச் சவ்வோடு இணைத்து, அதன் குறுக்கே மின்னோட்டத்தை அளந்தார்கள். லாம்-பி என்ற புரதத்தின் சிக்னல் துண்டை மட்டும் சேர்த்ததும் மின்னோட்டம் படிப்படியாகத் தாவியது. முழுப் புரதம் தேவைப்படவில்லை, முகவரியைக் காட்டியதுமே வழி திறந்தது. பரிசைச் சொல்லும் இடத்தில் இந்தச் சோதனையையும் இரண்டு வரி சொல்லியிருக்கலாம்.

படத்தில் விடுபட்ட இன்னொன்று, பக்கவாட்டுக் கதவு. செக்-ஒய்யின் இரண்டு பாதிகளும் ஒரு பக்கத்தில் விலகிக்கொடுக்கும். நீரை வெறுக்கும் துண்டு அந்தப் பிளவு வழியாக நேரே சவ்வின் கொழுப்புக்குள் நழுவிவிடும். சவ்விலேயே தங்க வேண்டிய புரதங்கள் இப்படித்தான் தங்குகின்றன. ரைபோசோம் சேனலோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்வது முக்கியமாக இவற்றுக்காகத்தான்; நீரை வெறுக்கும் சுருள்களைச் செல்லின் நீரில் முழுதாகத் தயாரித்துவிட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வீணாகிவிடும்.

சவ்வைத் தாண்டிப் போக வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை ஈ.கோலையில் வேறு வழியில் போகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். அவை ரைபோசோமை விட்டு வந்த பிறகு, மடியாதபடி செக்-பி போன்ற துணைப் புரதங்கள் பிடித்துக்கொள்ள, செக்-ஏ ஏ.டி.பி.யைச் செலவழித்து அதே செக்-ஒய் வழியாக அவற்றைச் செலுத்துகிறது. இங்கேயும் இழைதான், உருண்டை இல்லை. மடிந்த புரதத்தை அப்படியே கடத்தும் 'டாட்' என்ற தனிப்பாதை ஒன்று பாக்டீரியாவில் உண்டுதான். ஓவியர் அதைத்தான் வரைந்தார் என்று வாதாட நினைத்தால், படத்தில் செக்-ஒய் என்று எழுதியிருப்பதை மறைக்க வேண்டியிருக்கும்.

கட்டுரையில் ரைபோசோம் செய்து கொடுப்பது, சேனல் வாங்கி அனுப்புவது என்று ஒருவழிப் பாதையாகவே எழுதியிருக்கிறார்கள். சேனல் பக்கத்தில் நடப்பதை ரைபோசோமும் உணர்கிறது. இதற்கு செக்-எம் என்ற 170 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இதைக் கோத்துக்கொண்டே வரும் ரைபோசோம், 166ஆவது இடத்தைத் தொடும்போது நின்றுவிடுகிறது. சங்கிலியில் உள்ள ஒரு வரிசை சுரங்கச் சுவரைப் பற்றிக்கொள்வதுதான் காரணம். சங்கிலியின் மறுமுனை அதற்குள் சேனலை அடைந்திருக்கும். செக்-ஏ அங்கே ஒழுங்காக வேலை செய்தால், அது இழுக்கிற இழுப்பில் பிடி விட்டுப்போய் ரைபோசோம் மேலே செல்கிறது. ஏற்றுமதி மந்தமாக இருந்தால் இழுக்க ஆள் இல்லை. ரைபோசோம் அங்கேயே நிற்கிறது. அதே எம்.ஆர்.என்.ஏ.வில் (ரைபோசோம் படித்துக் கோக்கும் செய்முறைப் பிரதி) அடுத்து எழுதியிருப்பது செக்-ஏயின் செய்முறை. ரைபோசோம் நின்ற இடத்தில் எம்.ஆர்.என்.ஏ.வின் மடிப்பு பிரிந்துவிடுவதால், இன்னொரு ரைபோசோம் வந்து செக்-ஏவைக் கூடுதலாகத் தயாரிக்கத் தொடங்குகிறது. இழுக்க ஆள் குறைந்தால் ஆளைக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு! தயாரித்து முடித்ததும் செக்-எம்முக்கு வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை, செல் அதைச் சிதைத்துவிடுகிறது. ஜப்பானில் கொரேயாகி இட்டோவின் குழு இதை விவரித்ததைப் படித்த நாளிலிருந்து எந்த வகுப்பிலும் நான் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

அடுத்த பகுதி ஆன்டிபயாடிக் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். டெட்ராசைக்ளினும் குளோராம்ஃபெனிகாலும் புரதத் தயாரிப்பை நிறுத்துகின்றன என்பதோடு அந்தப் பகுதி முடிந்துவிடக் கூடாது. 2009இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சில்ஹாவியின் குழு காட்டியது இது: சேனலில் பாதி நுழைந்த நிலையில் ரைபோசோம் நின்றுபோனால் இழை முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. செல்லில் எஃப்.டி.எஸ்.ஹெச். என்ற புரதச் சிதைப்பான் வந்து அடைபட்ட செக்-ஒய்யையே வெட்டி அழித்துவிடுகிறது. சேனல்கள் குறையக் குறைய, மருந்து செய்யும் சேதம் இரட்டிப்பாகிறது. கட்டுரையாளரிடம் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்படியே படத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் கற்பிக்கும் வாசகர் ஒருவர்