பழைய ஆட்களை அனுப்பிவிட்டு புதிய மென்பொருளைத் திறப்பவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிகளும் அரசுத் துறைகளும் பெரிய நிறுவனங்களும் டிஜிட்டலுக்கு மாறுவது பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை கோடி முதலீடு, ஒப்பந்தம் யாருக்கு, எத்தனை பேருக்கு ஏ.ஐ. பயிற்சி என்பதெல்லாம் இருக்கிறது. இதுவரை பழைய முறையை ஓட்டிவந்தவர்கள் எந்த மாதம் வரை இருப்பார்கள் என்பது மட்டும் இருப்பதில்லை. ஒரு திட்டம் தேறுமா என்று பார்க்க, இந்தத் துறையில் இருப்பவர்கள் முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான்.

கனடா நாட்டு மத்திய அரசின் ‘ஃபீனிக்ஸ்’ சம்பள மென்பொருள் கதை இங்கே பலருக்குத் தெரியாது. 40 ஆண்டுப் பழைய சம்பளக் கணக்கு முறையை மாற்றும் திட்டம் அது. சுமார் 2.9 லட்சம் ஊழியர்கள், 101 துறைகள். வேலை முடிந்ததும் ஆண்டுக்கு 7 கோடி கனடா டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டார்கள். அந்த மிச்சத்தில் பெரும்பகுதி ஆள் குறைப்பிலிருந்து வர வேண்டும். 46 துறைகளில் சம்பளக் கணக்குப் பார்த்துவந்த 1,200 பேரின் பணியிடங்களை நீக்கினார்கள். அதற்குப் பதிலாக நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மிராமிச்சி என்ற சிற்றூரில் மையம் அமைத்து, 460 கணக்கர்களையும் 90 உதவியாளர்களையும் உட்காரவைத்தார்கள். மென்பொருள் ஓடத் தொடங்கும் முன்பே அனுபவசாலிகளில் பெரும்பாலோர் போய்விட்டார்கள்.

பணக் கணக்கு இன்னொரு பக்கம் இழுத்தது. மென்பொருளை அமைக்க 27.4 கோடி டாலர் ஆகும் என்று 2012-ல் அந்த வேலையை ஒப்பந்தம் எடுத்திருந்த ஐ.பி.எம். சொன்னது. அரசு ஒதுக்கியிருந்தது 15.5 கோடி. திட்டத்தின் தலைவர்கள் கூடுதல் பணம் கேட்கவில்லை, அவகாசமும் கேட்கவில்லை. வேலையைக் குறைத்தார்கள். இருந்த 984 செயல்பாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை நீக்கினார்கள் அல்லது தள்ளிவைத்தார்கள். அப்படிப் போனவற்றில் ஒன்று, முன்தேதியிட்ட சம்பள நிலுவையைக் கணக்கிடுவது. 2015-ல் ஒரு துறையில் மட்டும் ஓட்டிப் பார்க்க இருந்த வெள்ளோட்டத்தையும் ரத்து செய்தார்கள். 2016 பிப்ரவரியில் 34 துறைகளும் ஏப்ரலில் மீதி 67 துறைகளும் புதிய முறைக்குப் போயின. திரும்பிப் போகப் பழைய முறை இல்லை. அதை மூடிவிட்டார்கள்.

எங்கே அடி விழுந்தது என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். ஓர் ஊழியர் மூன்று வாரம் மேலதிகாரியின் பொறுப்பைக் கூடுதலாகப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று வாரத்துக்கு உயர் பதவியின் சம்பளம் தர வேண்டும். சில மாதம் கழித்து தொழிற்சங்க ஒப்பந்தம் முன்தேதியிட்டு உயர்கிறது. இப்போது அவருக்கு இரண்டு சம்பள விகிதங்கள், இரண்டுக்கும் நிலுவை, நடுவில் விடுப்பு எடுத்திருந்தால் அதற்குத் தனிக் கழிவு. அந்த அரசில் நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய ஒப்பந்தங்கள் இருந்தன, சம்பள விதிகள் சுமார் 80,000. பழைய கணக்கர் இப்படி ஒரு கோப்பைப் பார்த்ததும் கணினி சொல்லும் தொகையை நம்ப மாட்டார். கையால் கணக்கிட்டுத் திருத்துவார். மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் எந்த ஆவணத்திலும் அந்தத் திருத்தம் எழுதப்பட்டிருக்காது. அவர் போனதும் கணினி சொன்னதே சம்பளம் ஆகிவிட்டது. ஒன்றரை ஆண்டு கழித்து, 1.5 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சம்பளக் கோரிக்கைகள் தேங்கி நின்றன. கூடுதலாகக் கொடுத்தது, குறைவாகக் கொடுத்தது இரண்டும் சேர்ந்து 52 கோடி டாலருக்கு மேல் பிழை. அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் 2018 அறிக்கையில், இது புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்றார். எனக்கென்னவோ நன்றாகவே புரிகிறது. மிச்சத்தை முதலில் எழுதிவிட்டு வேலையை அதற்குள் அடக்கினால் இப்படித்தான் ஆகும்.

நம் ஊர்த் திட்டங்களில் இதே தவறு ‘கே.டி.’ என்ற பெயரில் நடக்கிறது. பழைய அணி புதிய அணிக்கு வேலையைக் கற்றுக்கொடுக்கும் காலம் அது. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் தருவார்கள். டீம்ஸ் கூட்டத்தில் திரையைப் பகிர்ந்து பேசுவார்கள், ரெக்கார்டிங் ஒரு ஃபோல்டரில் போய்ச் சேரும், எக்செல் தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘முடிந்தது’ என்று பச்சை வண்ணம் ஏறும், மேலாளர் கையெழுத்துப் போடுவார். அந்த ரெக்கார்டிங்கைப் பிறகு யாரும் திறப்பதில்லை. அன்றைய கணக்குகளை முடித்து வட்டி ஏற்றும் வங்கியின் நாள்முடிவு வேலை இரவு ஒன்றரை மணிக்கு நடுவில் நின்றுவிட்டால், எந்தக் கோப்பை ஒதுக்கிவைத்துவிட்டு எந்தப் படியிலிருந்து மறுபடி ஓட்டுவது என்பது அந்தப் பச்சைத் தாளில் இருக்காது. தப்பான படியிலிருந்து ஓட்டினால் வட்டி இரண்டு முறை ஏறும். காலையில் கிளை திறக்கும்போது கணக்கு இடிக்கும்.

சரியாகச் செய்பவர்கள் செய்யும் முறை வேறு. கடந்த 12 மாதம் வந்த புகார் டிக்கெட்டுகளை எடுத்து வகை பிரிப்பார்கள். ஒரு வகையில் பாதிக்கு மேல் ஒரே ஆள் மூடியிருந்தால், அந்த ஆள்தான் திட்டத்தின் முதல் ஆபத்து. அவர் பெயர் ஆபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். பிறகு பேசிக் கற்பிப்பதை நிறுத்திவிட்டு, புதியவரே வேலையைச் செய்ய, பழையவர் கீபோர்டைத் தொடாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். குறைந்தது மூன்று மாதமுடிவுகள், அவற்றில் ஒன்று காலாண்டுமுடிவு. வங்கியானால் ஒரு மார்ச் 31-ஐயும் பார்க்காமல் பழைய அணியைக் கலைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரே முறை ஓடும் நிரல்கள் அன்றுதான் வெளியே வரும். டி.டி.எஸ். சான்றிதழ்களின் லட்சணம் அதற்கும் சில வாரம் கழித்துத்தான் தெரியும். சம்பள மென்பொருளானால் இரண்டு மூன்று மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓட வேண்டும். ஒவ்வொரு ஊழியரின் கைக்கு வரும் தொகையையும் ரூபாய் வரை ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் காரணத்தை எழுத வேண்டும். காரணம் தெரியாத வித்தியாசம் ஒன்று மிச்சமிருந்தாலும் அடுத்த மாதமும் சேர்த்தே ஓட்டுங்கள்.

பணத்தைக் கட்டும் இடமும் தவறிப்போகிறது. பழைய ஆட்களை நிறுத்திவைக்கத் தரும் ஊக்கத்தொகையைப் புதிய முறை திறக்கும் நாளோடு முடித்துவிடுகிறார்கள். மறுநாளே ராஜினாமா வரும். திறந்து மூன்று மாதம் கழித்துத்தான் அந்தத் தொகை கைக்குப் போக வேண்டும், அந்த மூன்று மாதம்தான் அவர் அதிகம் தேவைப்படுவார். ‘உங்கள் பிரிவு மூடப்படும்’ என்று அறிவித்துவிட்டு நிறுத்திவைக்கும் ஏற்பாடு எதுவும் சொல்லாமல் விட்டால், முதலில் போவது திறமையானவர்கள்தான், வெளியில் வேலை அவர்களுக்குத்தான் முதலில் கிடைக்கும். நம் நிறுவனங்களின் 90 நாள் நோட்டீஸ் காலம் இதைத் தடுக்காது. நோட்டீஸில் இருப்பவர் பிழையைத் தேடி இரவு கண்விழிக்க மாட்டார்.

மறுபயிற்சிக்கும் இதே அளவுகோல்தான். எத்தனை பேர் ஆன்லைன் வகுப்பை முடித்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வகுப்பு முடிந்த 90 நாளுக்குள் எத்தனை பேர் புதிய தளத்தில் உண்மையான ஒரு மாற்றத்தைச் செய்து, அது வாடிக்கையாளர் வரை போய் ஓடியது என்று கேட்டுப் பாருங்கள். கோபால் (கோபால் என்றால் கோபாலன் அல்ல, பழைய வங்கி நிரல்கள் எழுதப்பட்ட மொழி) தெரிந்த ஐம்பது வயதுக்காரரை ஜாவா வகுப்பில் உட்காரவைத்துவிட்டு, இருபத்து மூன்று வயதுக்காரரோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது வீண். அவரைப் புதிய அணியில் பரிசோதகராகப் போடுங்கள். எந்த வகைக் கணக்கில் எது உடையும் என்று அவருக்குத்தான் தெரியும்.

தொழில்நுட்பத் தலைவரின் சொந்தப் பொறுப்பு எவ்வளவு என்பதற்கு பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கியைச் சொல்லலாம். லாயிட்ஸ் வங்கியின் கணினி முறையை வாடகைக்குப் பயன்படுத்திவந்த அந்த வங்கியை 2015-ல் ஸ்பெயினின் சபாடெல் வாங்கியது. சபாடெல்லின் துணை நிறுவனமான சாபிஸ் புதிய தளத்தைக் கட்டியது. 2017 நவம்பரில் மாற வேண்டியது தள்ளிப்போனது. மீதமிருந்த வேலையைத் திரும்பக் கணக்கிட்டு முடிக்கும் முன்பே, 2018-ன் முதல் காலாண்டில் மாறிவிடுவோம் என்று அறிவித்தார்கள். தேதியை முதலில் நட்டுவிட்டு அதிலிருந்து பின்னோக்கி வேலையை அடுக்கும் பழக்கம் இது. எல்லா நாட்டிலும் இருக்கிறது. சுமை தாங்குமா என்ற சோதனையை இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே செய்தார்கள், மற்றதும் அதே மாதிரிதான் இருக்கும் என்ற நம்பிக்கையில். 2018 ஏப்ரல் 20 முதல் 22 வரையிலான வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களையும் ஒரே மூச்சில் மாற்றினார்கள். சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் நின்றார்கள். நிலைமை முழுதாகச் சீராக டிசம்பர் ஆனது.

2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் வங்கிக்கு விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. அத்தோடு விடவில்லை. தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்தவருக்கு 2023 ஏப்ரலில் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் விதித்தார்கள். சாபிஸுக்குக் கீழே 85 நிறுவனங்கள் வேலை பார்த்தன. ‘எல்லாம் தயார்’ என்று சாபிஸ் ஒரு கடிதம் கொடுத்தது. அந்தக் கடிதத்தில் இருந்தவற்றில் சில, கீழ் நிறுவனங்கள் ‘தயாராகிவிடுவோம்’ என்று சொன்ன எதிர்பார்ப்புகள். அதைத் துருவிக் கேட்டிருக்க வேண்டியது அவர் வேலை என்பதுதான் குற்றச்சாட்டு. வெண்டரின் (வேலையை எடுத்துச் செய்யும் வெளி நிறுவனத்தின்) கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டால் தன் கடமை முடிந்தது என்று நினைக்கும் தலைவர்கள் நம்மிடமும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி சின்னது: இதைச் சோதித்தது யார், எந்தத் தேதியில், முடிவுத் தாள் எங்கே? மூன்றுக்கும் பதில் வராத வரியை ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்களை நன்றாகக் கட்டியெழுப்பிய இடத்திலும் தவறு நடக்கும் என்பதற்கு சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கி உதாரணம். 2009 வாக்கில் தொழில்நுட்ப வேலையில் 85 சதவீதம் வெளி நிறுவனங்களிடம் இருந்த அந்த வங்கி, பத்தாண்டுக்குள் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. ஹைதராபாத்தில் சொந்த மையம் வைத்து, ரெஸ்யூமைப் பார்த்து எடுப்பதை விட்டுவிட்டு நிரல் எழுதும் போட்டி நடத்தி ஆள் எடுத்தது. நல்ல வேலை, இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2023 அக்டோபர் 14 அன்று, அது இடம் எடுத்திருந்த எக்வினிக்ஸ் தரவு மையத்தில் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்த வந்த ஒப்பந்தக்காரர் தவறான சிக்னல் அனுப்பியதில், குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. மாற்று மையத்துக்குத் தாவ வேண்டிய நேரத்தில், நெட்வொர்க் அமைப்பில் இருந்த பிழையால் தாவ முடியவில்லை. அதே மையத்தில் இருந்த சிட்டிபேங்க்கையும் சேர்த்து 25 லட்சம் பரிவர்த்தனைகள் நின்றுபோயின. அந்நாட்டு மத்திய வங்கியான நாணய ஆணையம் டி.பி.எஸ்.ஸை ஆறு மாதத்துக்கு அத்தியாவசியமற்ற கணினி மாற்றங்களை நிறுத்தச் சொன்னது. அந்த ஆண்டுக்கான தலைமைச் செயல் அதிகாரியின் மாறுபடும் ஊதியத்தை 30 சதவீதம், அதாவது 41.4 லட்சம் சிங்கப்பூர் டாலர், குறைத்தார்கள். புதிய செயலி எழுதுபவர்களுக்குக் கொடுத்த மரியாதையில் பாதியை, மாற்று மையத்துக்குத் தாவும் ஒத்திகையை நடத்துபவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். இந்த ஏற்றத்தாழ்வு நம் நிறுவனங்களில் இன்னும் மோசம். ‘சப்போர்ட்’ அணி என்றாலே பதவி உயர்வுப் பட்டியலில் கடைசி வரி.

இந்தியாவில் விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப நிர்வாக வழிகாட்டுதலில், இயக்குநர் குழு அளவில் தொழில்நுட்பக் குழு இருக்க வேண்டும், கணினிப் பாதுகாப்பு அதிகாரி தொழில்நுட்பத் தலைவருக்கு நேரடியாகக் கீழே இருக்கக் கூடாது, அவருக்கு வணிக இலக்கு கொடுக்கக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. அதே மாதம், 2024 ஏப்ரலில், கோட்டக் மஹிந்திரா வங்கி ஆன்லைனில் புதிய வாடிக்கையாளர் சேர்க்கவும் புதிய கிரெடிட் கார்டு வழங்கவும் தடை வந்தது. தடை நீங்க 2025 பிப்ரவரி ஆனது. ரிசர்வ் வங்கி சொன்ன குறைகளில் கணினிச் சொத்துப் பட்டியல், பேட்ச் போடுவது (மென்பொருள் ஓட்டைகளை அடைப்பது), பயனர் அனுமதி, வெண்டர் மேற்பார்வை ஆகியவை இருந்தன. இவற்றில் எதுவும் மேடையில் பேசும் ‘டிரான்ஸ்ஃபர்மேஷன்’ இல்லை, எல்லாம் வீட்டுக்குள் பெருக்கித் துடைக்கும் வேலை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு வங்கியோ அரசுத் துறையோ மாற்றத் திட்டம் அறிவிக்கும்போது உங்கள் நிருபர்கள் சில கேள்விகளையும் கேட்கட்டும். ஆள் குறைப்பால் வரும் மிச்சம் எந்த ஆண்டின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது? பழைய அணிக்கும் புதிய அணிக்கும் சேர்த்து எத்தனை மாதச் சம்பளத்துக்கு நிதி ஒதுக்கியிருக்கிறீர்கள்? திறக்கும் நாளுக்கு முந்தைய இரவு ‘வேண்டாம், தள்ளிவைப்போம்’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, அப்படிச் சொன்னால் அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் என்ன எழுதுவீர்கள்? பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வங்கி மென்பொருள் மாற்றத் திட்டங்களில் பணிபுரியும் வாசகர்,
துரைப்பாக்கம், சென்னை