செயலாளர் ஆண்டறிக்கை, 2024-25

சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் 31 உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மொத்த உறுப்பினர்கள் 118 வீட்டார். கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, அதாவது கோரம், விதிப்படி மூன்றில் ஒரு பங்கு, 40 பேர். ஆகவே பத்தரை மணிக்குக் கூட்டத்தை ஒத்திவைத்து, பதினொரு மணிக்கு இதே நாற்காலிகளில் மீண்டும் கூடியிருக்கிறோம். ஒத்திவைத்த கூட்டத்துக்குக் கோரம் தேவையில்லை. இந்தப் பத்தியை நேற்றிரவே எழுதிவிட்டேன். எண்ணிக்கையை மட்டும் இப்போது நிரப்பினேன்.

கடந்த ஆண்டு நிகழ்வுகள்: சுதந்திர தினத்தில் கொடியேற்றினோம். செப்டம்பரில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. பொங்கல் கோலப்போட்டியில் ஒன்பது பேர் கலந்துகொண்டார்கள், ஒன்பது பேருக்கும் பரிசு கொடுத்தோம். ஏழு தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. செயற்குழு ஆறு முறை கூடியது.

இனி மூன்றாம் குறுக்குத் தெரு மழைநீர் வடிகால் பற்றி. இந்த ஆண்டின் பெரும்பகுதி இதிலேதான் போனது. என் ஆண்டு என்று சொல்வதுதான் சரி.

மனுவை நகராட்சியிடம் 2024 ஏப்ரலில் கொடுத்தோம். நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருந்ததால் ஜூன் வரை அது நகரவில்லை. ஜூலையில் உதவிப் பொறியாளர் வந்து டேப் பிடித்து அளந்தார். ஒரு முனையை அவருடைய ஆள் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். 160 மீட்டர் நீளம், மதிப்பீடு 9,60,000 ரூபாய். அதே மாதம் நகர்மன்றக் கூட்டத்தில் இது பேச்சுக்கு வரும் என்று தெரிந்ததும், பார்வையாளர் வரிசையில் நாம் பத்துப் பேராவது உட்கார வேண்டும் என்று வீடுவீடாகச் சொன்னேன். பதினொரு பேர் வருவதாக வாக்களித்தார்கள். வந்தவர் ஒருவர். அவரும் மின்கட்டணம் கட்ட வேண்டும் என்று பாதியில் எழுந்துவிட்டார்.

வராதவர்களுக்காக அன்றைய விவாதத்தைச் சொல்கிறேன். பேருந்து நிலையத்தில் வணிக வளாகம் கட்டுவதற்கு, பாதி மானியம் பாதி கடன் என்ற கணக்கில், ஒரு தீர்மானம் வந்திருந்தது. இருக்கிற கடைகளுக்கே வாடகை பாக்கி நிற்கும்போது புதிய வளாகம் எதற்கு, அந்தக் கடனுக்குரிய வட்டியில் நான்கு வார்டுகளுக்கு வடிகால் கட்டலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். மேசைகள் தட்டப்பட்டன. பிறகு அதிகாரி எழுந்து பதில் சொன்னார்: வளாகம் வாடகை தரும், அதனால் கடன் தர நிறுவனங்கள் உண்டு, வடிகால் ஒரு ரூபாயும் திருப்பித் தராது, அதற்கு மானியம் வர வேண்டும், இல்லாவிட்டால் மக்கள் பங்கு தர வேண்டும். இருபது நிமிடம் கூச்சல், ஒரு வெளிநடப்பு. வளாகத் தீர்மானம் நிறைவேறியது. நமது வடிகால், மக்கள் ஒரு பங்கு தர வேண்டிய ‘நமக்கு நாமே’ திட்டத்தின் கீழ் பரிசீலிக்கப்படும் என்று குறிப்பெழுதப்பட்டது.

அதிகாரியின் பதிலை அன்றிரவு முழுக்க மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் நகராட்சியின் வரவுசெலவுத் திட்டப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தபோது அதை மறுக்க முடியவில்லை. நகராட்சியின் பணம் தனித்தனிப் பைகளில் இருக்கிறது: வருவாயும் மூலதனமும் ஒரு பை, குடிநீரும் வடிகாலும் ஒரு பை, கல்வி ஒரு பை. நாம் கட்டும் சொத்துவரி ஊழியர் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் தெருவிளக்கு மின்கட்டணத்திலும் கரைந்துவிடுகிறது. மத்திய நிதிக்குழு மானியத்திலும் பெரும்பகுதி குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுத்தான் வந்திருந்தது. பெரிய ஊர்களுக்கு வேறு வழி உண்டு. சென்னை மாநகராட்சி 2025 மே மாதம் 200 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் வெளியிட்டுப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. மதுரை மாநகராட்சி 2001-ஆம் ஆண்டிலேயே உள்வட்டச் சாலைக்காகச் சுங்க வசூலைக் காட்டிக் கடன்பத்திரம் விற்றது. நமது மூன்றாம் குறுக்குத் தெருவைக் காட்டி யார் பத்திரம் வாங்குவார்கள்?

‘நமக்கு நாமே’ 1997-98-இல் தொடங்கிய திட்டம், இடையில் நின்று 2021-க்குப் பின் நகர்ப்புறத்துக்கு மீண்டும் வந்தது. நீர்நிலைச் சீரமைப்புக்குப் பொதுமக்கள் பங்கு பாதி, பிற பணிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. நமது பங்கு 3,20,000 ரூபாய். வீட்டுக்கு 2,750 வீதம் செப்டம்பர் சிறப்புப் பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அந்தக் கூட்டத்துக்கு 44 பேர் வந்தார்கள் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன். கோரம் இருந்த ஒரே கூட்டம் அதுதான்.

அங்கே ஓர் உறுப்பினர் எழுந்து, 2022-இல் சொத்துவரியை ஏற்றினார்கள், 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதம், அக்டோபர் வந்தால் இன்னும் 6 சதவீதம் என்கிறார்கள், வரியும் கொடுத்துப் பங்கும் கொடுப்பதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. அவர் சங்கச் சந்தாவை மூன்று ஆண்டுகளாகக் கட்டவில்லை என்பது வேறு விஷயம்.

நான் சொன்ன பதில் ஆலந்தூர். 1990-களின் பிற்பகுதியில் அங்கே பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக நிறுவனத்துக்கு 10,000 ரூபாய் என்று நகராட்சி முன்பணம் வாங்கியது. அன்றைய 5,000 இன்றைய 2,750-ஐப் போல அல்ல. குழி தோண்டும் முன்பே மக்கள் பணம் வங்கியில் இருந்ததைப் பார்த்துத்தான் மீதிக்குக் கடனும் மானியமும் வந்தன, சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் முதலீட்டில் கட்ட ஆள் கிடைத்தது. 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. நகராட்சி போய்விட்டாலும் குழாய் இருக்கிறது. இதை நேரில் விசாரிக்க நான் ஒருநாள் ஆலந்தூர் போய்வந்த பயணச் செலவு 640 ரூபாயைச் சங்கக் கணக்கில் எழுதியதற்குச் சிலர் முகம் சுளித்தார்கள். பூமிக்குள் இருக்கிற சாக்கடையை நேரில் போய் எப்படிப் பார்த்தீர்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டு, அதற்குப் பதினாறு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அந்தப் பதினாறு பேரில் பங்குத் தொகை கட்டியவர்கள் ஐந்து பேர்.

கடைசி நாள் நவம்பர் 15. அன்றுவரை 71 வீட்டார் கட்டினார்கள். வசூல் 1,95,250 ரூபாய், குறைவு 1,24,750 ரூபாய். இந்தக் குறைவைத் தாமே தருவதாகப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் உரிமையாளர் முன்வந்தார். நிபந்தனை இரண்டு. கல்வெட்டில் தம் பெயர் இருக்க வேண்டும். வடிகால் மண்டபத்தின் பின்வாசலில் தொடங்க வேண்டும். பெயரைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, பெரிதாகவே போட்டுக்கொள்ளட்டும். ஆனால் பின்வாசல் இருப்பது தெருவின் பள்ளமான முனையில். அங்கே தொடங்கினால் மண்டபத்துச் சமையற்கட்டுத் தண்ணீர் மட்டும் போகும், நமது வீட்டு வாசல் தண்ணீர் அப்படியே நிற்கும். செயற்குழுவில் நான்குக்கு மூன்று என்ற வாக்கில் மறுத்தோம். செயலாளர் தன்னிச்சையாக நன்கொடையைத் தட்டிவிட்டார் என்று சொல்பவர்கள் தீர்மானப் புத்தகத்தின் 14-ஆம் பக்கத்தைப் பார்க்கலாம். அந்த நான்கில் என் வாக்கு ஒன்று என்பதை மறைக்கவில்லை.

வசூலின் கடைசி நாளுக்குப் பதினைந்தாம் நாள், நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் வந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பெய்த மழை நம்மையும் விடவில்லை. மூன்றாம் குறுக்குத் தெருவில் 19 வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த 19-இல் 7 வீட்டார் பங்கு கட்டாதவர்கள். இரவு பதினொரு மணிக்கு என்னைக் கைப்பேசியில் அழைத்து, சங்கம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்டார்கள். சங்கம் அப்போது முழங்கால் தண்ணீரில் நின்று, முதல் வீட்டுப் பாட்டியம்மாவின் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தது. உடன் இருந்தவர்கள் பொருளாளரும் இரண்டு கல்லூரி மாணவர்களும்.

முதல் பிரதானத் தெருவினர் தமக்குத் தண்ணீர் நிற்பதில்லை, தாம் ஏன் தர வேண்டும் என்கிறார்கள். அவர்கள் தெருவில் நிற்காத தண்ணீர்தான் மூன்றாம் தெருவில் நிற்கிறது. இதை மூன்று சுற்றறிக்கைகளில் எழுதிவிட்டேன்.

பிப்ரவரியில் புதிய விலைவிகிதப்படி மதிப்பீடு 10,50,000 ரூபாயாகத் திருத்தப்பட்டது. நமது பங்கு 3,50,000 ஆகிறது. கையில் இருப்பது போக 1,54,750 ரூபாய் வேண்டும். ஏற்கெனவே கட்டியவர்களிடம் மீண்டும் கேட்பது முறையல்ல என்பதால், மீதி 47 வீட்டாருக்குத் தலா 3,300 என்று செயற்குழு கருதுகிறது. தாமதத்துக்கு அபராதம் என்று இதைக் கொள்ள வேண்டாம். கணக்கு அப்படி வருகிறது.

வரவுசெலவு: பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், மீதி சொற்பம். ‘இதர செலவு’ சென்ற ஆண்டைவிடச் சற்றுக் கூடியிருப்பது ஜெராக்ஸ், ஆட்டோ, தேநீர் வகையில். வடிகால் தொகை தனிக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது, அதற்கு வட்டியும் வருகிறது. ஆண்டுச் சந்தா 300 ரூபாயை 52 பேர் கட்டியிருக்கிறார்கள். கட்டாதவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப்பையில் இருக்கிறது.

கூட்டம் நடத்த இடம் தந்த நூலகத்துக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், வார்டு உறுப்பினருக்கும், நகராட்சி ஊழியர்களுக்கும், கண் மருத்துவக் குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டு குறித்து. 2016 முதல் 2022 வரை நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் ஆட்சியில் யாரிடம் மனுக் கொடுப்பது என்று தெரியாமல் அலைந்தோம். இப்போதுள்ள மன்றத்தின் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் பணி ஆணை வாங்காவிட்டால் மறுபடி ஏப்ரல் மனுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையொட்டி, வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபை கூடும்போது, நம்மில் இருபது பேராவது நேரில் வந்து வடிகாலைக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கை கூப்பினால் அது வருகைப் பதிவில் ஏறாது.

செயலாளர் பொறுப்பில் எனக்கு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவர் அலையக் கூடாது என்கிறார். இளைஞர் எவரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். தீர்மானப் புத்தகம், முத்திரை, உதவிப் பொறியாளரின் வரைபடம் ஆகியவை என் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம். யாரும் வராவிட்டால் ரசீதுப் புத்தகத்துடன் நான் வருவேன். அது 72-ஆம் எண்ணில் நிற்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்