கோங் ஒலிப்பது சமத்தில் அல்ல

ஆசிரியருக்கு,

உலக நாடுகளின் மரபிசை பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையில் இந்தோனேசியாவின் கமெலானுக்கும், அதாவது வெண்கலத் தாளக்கருவிகள் மிகுந்த அந்நாட்டுக் குழு இசைக்கும், இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் அந்தப் பகுதியில் மூன்று செய்திகளைத் திருத்தியாக வேண்டும். ஜாவாவின் ஸ்லெண்ட்ரோ என்ற ஐந்து சுர வரிசை நம் மோகன ராகமேதான் என்றும், ஒவ்வொரு தாளச் சுற்றும் கோங் என்ற தொங்கும் பெரிய வெண்கலக் கருவியோடு தொடங்குகிறது என்றும், பாலித் தீவின் கமெலானில் சுருதி விலகியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றை நம்பிக் கேட்கப் போகிறவருக்கு அந்த இசை பிடிபடாது.

முதலில் தாளக்கணக்கு. நமக்குச் சமம்தான், அதாவது தாளச் சுற்றின் முதல் எண்ணிக்கைதான், கனமான இடம். தட்டு அங்கே விழுகிறது, பல்லவி அங்கிருந்தோ அதையொட்டியோ எடுக்கிறது. ஜாவாவில் கனம் கடைசி எண்ணிக்கையில் இருக்கிறது. கெத்தாவாங் என்ற வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 16 எண்ணிக்கை. 2, 6, 10, 14-இல் கெத்துக் என்ற சிறிய குமிழ்க்கிண்ணம் 'துக்' என்று அடங்கி ஒலிக்கும். 8-இல் கெனோங்; கவிழ்த்த பானை போன்ற வெண்கலக் கருவி, ஒலி தெளிவாக நீளும். 12-இல் கெம்புல் என்ற தொங்கும் சிறிய கோங். 16-இல் கெனோங்கும் பெரிய கோங்கும் சேர்ந்து விழும். 4-ஆம் எண்ணிக்கையில் கெம்புல் வர வேண்டிய இடத்தை வேண்டுமென்றே வெறுமையாக விடுவார்கள். கோங்கின் அலை அடங்குவதற்கு அந்த இடைவெளி.

கோங்கை 1 என்று எண்ணினால் என்ன ஆகும்? கெனோங் 9-இலும் கெம்புல் 13-இலும் போய் நிற்கும். கணக்கு எப்படியோ ஒப்பேறிவிடும், ஆனால் மெட்டின் ஒவ்வொரு நான்கு சுரமும் முடிவை நோக்கி நடப்பது காதில் விழாது. வாக்கியத்தின் முற்றுப்புள்ளியை அடுத்த வாக்கியத்தின் முதல் எழுத்தாகப் படிப்பது போன்றது அது. முன்னிசை முடியும் இடத்தில் முதல் கோங் விழும். அதற்கு அடுத்த எண்ணிக்கையை 1 என்று வைத்து விரலில் எண்ணிப் பாருங்கள்.

பயிற்சிக்கு ஏற்ற பதிவு 'புஸ்பவர்ணா'. ஸ்லெண்ட்ரோவில் அமைந்த கெத்தாவாங் அது. யோக்யகார்த்தாவின் பாக்குவாலாமான் அரண்மனையில் 1971-இல் அமெரிக்க இசை ஆய்வாளர் ராபர்ட் இ. பிரவுன் பதிவு செய்தார். 1977-இல் வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் அது இடம்பெற்றது. அதே தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கரின் பைரவியும் இருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு செய்தி: இந்த பிரவுன் தன் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது நம் மிருதங்கத்தை. மிருதங்க வித்வான் டி. ரங்கநாதனிடம் பயின்றவர் அவர்.

இப்பதிவைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். பெரிய கோங்கின் அடிநாதம் மிகத் தாழ்ந்தது. அந்தச் சிறிய ஒலிபெருக்கியில் அது வரவே வராது, சுற்றின் முடிவே காணாமல் போகும். சுமாரான ஹெட்போன் போதும்.

பாதியில் வேகம் குறைந்தது போலிருந்தால் பெக்கிங் என்ற மிகச் சிறிய சாரோனைக் கவனியுங்கள்; சாரோன் என்பது வெண்கலத் தகடுகளைச் சுத்தியலால் அடிக்கும் கருவி. மெட்டின் ஒரு சுரத்துக்கு இரண்டு அடி அடித்துக்கொண்டிருந்தது நான்கு அடிக்கு மாறியிருக்கும். மெட்டு விரிந்திருக்கிறது, பெக்கிங்கின் கை வேகம் ஏறத்தாழ அதேதான். ஒரு களையிலிருந்து இரண்டு களைக்குப் போவதை, அதாவது தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கையும் இரண்டு மடங்காக நீள்வதை, அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்த மாற்றத்துக்குச் சைகை காட்ட ஆள் கிடையாது. கெண்டாங் முழவின் அடியைக் கேட்டே எல்லோரும் மாறுகிறார்கள்.

இனி மோகனம். சுர இடைவெளியை அளக்கும் அலகு சென்ட்; ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி 100 சென்ட். மோகனத்தின் இடைவெளிகள் 200, 200, 300, 200, 300. ஸ்லெண்ட்ரோ ஒரு ஸ்தாயியின் 1200 சென்ட்டை ஐந்து ஏறத்தாழச் சமமான பங்குகளாக்குகிறது. பங்குக்கு 240 அளவில் வரும். மோகனத்தில் கிரக பேதம் செய்தால், அதாவது அதன் வேறொரு சுரத்தைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால், மத்தியமாவதி, இந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி என்று நான்கு வேறு ராகங்கள் பிறக்கும். பங்குகள் சமமாக இருப்பதால் ஸ்லெண்ட்ரோவில் அந்த ஐந்தின் சாயலும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. ஒருவர் மோகனம் என்பார், பக்கத்தில் இருப்பவர் மத்தியமாவதி என்பார்; இருவர் காதும் பொய் சொல்லவில்லை.

சுர அளவைத் திருத்தும் வசதியுள்ள கீபோர்டில் சோதித்துப் பார்க்கலாம். மத்தியமாவதியின் ச ரி ம ப நி கட்டைகளை எடுத்துக்கொண்டு ரி-க்கு 40 சென்ட் கூட்டுங்கள், ம-வுக்கு 20 குறையுங்கள், ப-வுக்கு 20 கூட்டுங்கள், நி-க்கு 40 குறையுங்கள். இதுவும் தோராயம்தான். ஒவ்வொரு கமெலானும் தன் அளவுக்கே சுருதி சேர்க்கப்படுகிறது. ஒன்றின் சாரோன் தகட்டை இன்னொன்றில் மாட்ட முடியாது.

கடைசியாக, பாலித் தீவின் கமெலானில் சுருதி விலகியிருப்பதாகக் கட்டுரை சொல்வது. அது விலகல் அல்ல. கருவிகளை இணை இணையாகச் செய்து, ஒன்றை மற்றதைவிடச் சற்றே உயர்த்திச் சேர்ப்பார்கள். இரண்டும் ஒரே சுரத்தைச் சேர்ந்து அடிக்கும்போது ஒலி நொடிக்குப் பல முறை துடிக்கும். ஓம்பாக், அலை, என்பது அதன் பெயர். இணையில் ஒரு கருவியை மட்டும் ஒலிக்கவிட்டால் அந்தத் துடிப்பு நின்றுவிடும், வெண்கலம் உயிரற்றுக் கேட்கும்.

இத்தொடரில் மற்ற நாடுகளைப் பற்றி எழுதும்போது, எங்கிருந்து எண்ண வேண்டும், எந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 'மனதுக்கு அமைதி தரும் இசை' என்ற வரி மூன்று இடங்களில் வருகிறது. அந்த இடமே இதற்குப் போதும்.

இப்படிக்கு,
இசை ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்